தொண்டைப் புற்றுநோய்க்கு ரோபோ அறுவை: உயிர் ஒரு கணக்கு, விழுங்குவது இன்னொரு கணக்கு

ஷேவ் பண்ணும்போதுதான் மாமா கவனித்தார். இடது தாடைக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்கு ஒரு நெறி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. "பல்லுல ஏதாவது இருக்கும்" என்று இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். கடைசியில் ஊசி போட்டு உறிஞ்சிப் பரிசோதித்தபோது கேன்சர் என்று வந்தது. கிளம்பிய இடம் இடது டான்சில். அங்கிருந்து கழுத்து நெறிக்கு இறங்கியிருந்தது.

முதலில் பார்த்த டாக்டர் ரேடியேஷன் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர், இந்த அளவுக் கட்டிக்கு ரோபோ மூலம் வாய் வழியாக எடுக்கும் அறுவையும் உண்டு என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே வீடு மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. "காசு போனா போகுது, இருக்கறதுலயே நல்லதைப் பண்ணிடுவோம்" என்றான் மாமா பையன். அத்தை மட்டும்தான் கேள்வி கேட்டார்: "பாதியில கரண்ட் போயிட்டா?"

அத்தையின் கேள்விக்குப் பதில் சுலபம். மெஷினுக்கு மாற்று பேட்டரி உண்டு, வேண்டுமென்றால் கைகளை வெளியே எடுத்துவிட்டு டாக்டர் நேரடியாகவே வேலையை முடிக்கலாம். யாரும் கேட்காமல் விட்ட கேள்விதான் பெரியது. ரோபோ என்றால் நல்லது என்கிறோமே, எதில் நல்லது? உயிர் பிழைப்பதிலா, பிழைத்த பிறகு சாப்பிடுவதிலா, பேசுவதிலா? அன்றிலிருந்து சில வாரங்கள் இதைத் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எளிமையாகச் சொல்கிறேன். மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

தொண்டையில் எந்த இடம்?

நாம் 'தொண்டை கேன்சர்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது மூன்று இடங்கள் இருக்கின்றன. வாயைத் திறந்து 'ஆ' என்றால் தெரியும் டான்சில், அதன் பின்னால் நாக்கின் அடிப்பாகம், மெல்லண்ணம் இவை சேர்ந்தது நடுத்தொண்டை. அதற்குக் கீழே, உணவு இறங்கும் வழியில் இருப்பது அடித்தொண்டை. அதற்கு முன்பக்கம், மூச்சுக்குழாயின் வாசலில் குரல்வளை. ரோபோ அறுவையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி நடுத்தொண்டையைப் பற்றியது, அதிலும் டான்சிலும் நாக்கின் அடிப்பாகமும்தான். குரல்நாணில் வரும் ஆரம்பக் கட்டிக்கு வாய்வழி லேசரோ ரேடியேஷனோதான் வழக்கம். ரோபோவுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஆகவே "என் அப்பாவுக்குத் தொண்டை கேன்சர், ரோபோ பண்ணலாமா?" என்று யாராவது கேட்டால், எந்த இடம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

இந்த நடுத்தொண்டை ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், அது ஒரு மூலை. முன்னால் பல், தாடை, நாக்கு. பக்கவாட்டில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய். பழைய நாட்களில் நாக்கின் அடியில் இருக்கும் கட்டியை எடுக்க உதட்டைப் பிளந்து, கீழ்த்தாடை எலும்பை அறுத்து, புத்தகத்தைப் பிரிப்பதுபோல விரித்துத்தான் உள்ளே போவார்கள். கட்டி போகும். முகம், பேச்சு, விழுங்குவது எல்லாமே அடிபடும். அதனால்தான் ரேடியேஷனும் கீமோவும் சேர்ந்து நல்ல பலன் தர ஆரம்பித்ததும் பல நாடுகளில் கத்தி பின்னுக்குப் போனது. கத்தியை மறுபடி கொண்டுவந்தது ரோபோதான்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் இருக்கும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிரெகரி வைன்ஸ்டீன், பெர்ட் ஓமாலி என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் இந்த முறையை உருவாக்கினார்கள். வயிற்று அறுவைக்கென்று 2000இலேயே அங்கே அனுமதி பெற்றிருந்த டாவின்சி ரோபோவை அவர்கள் வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார்கள். 2009 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆரம்ப நிலைக் கட்டிகளுக்கு இதை அனுமதித்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் இதை 'டார்ஸ்' என்பார்கள். வாய்வழி ரோபோ அறுவை என்று பொருள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ரோபோ என்றதும் அது தானாக அறுக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. நோயாளி மயக்கத்தில் மல்லாந்து படுத்திருப்பார். மூச்சுக் குழாயை வாய்க்கு இடைஞ்சல் இல்லாமல் பெரும்பாலும் மூக்கு வழியாக விட்டிருப்பார்கள். வாயை ஒரு உலோகச் சட்டம் அகட்டிப் பிடித்திருக்கும். நாக்கில் ஒரு தையல் போட்டு முன்னால் இழுத்திருப்பார்கள். அந்தத் திறப்புக்குள் மூன்று மெல்லிய கைகள் போகும். நடுவில் கேமரா, இரண்டு பக்கமும் கருவிகள். ஒன்று திசுவைப் பிடிக்கும், இன்னொன்று மின்சாரச் சூட்டால் அறுக்கும்.

டாக்டர் சில அடி தள்ளி ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்தமாதிரி உட்கார்ந்திருப்பார். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போவதால் ஆழம் தெரியும், எல்லாம் பல மடங்கு பெரிதாகவும் தெரியும். அவர் விரல் அசைந்தால் கருவியின் முனை அசையும். கைநடுக்கத்தை மெஷின் வடிகட்டிவிடும். நம் மணிக்கட்டு திரும்புவதைவிட அதிகமாக அந்த முனை திரும்பும். வெளியிலிருந்து நேராகப் பார்க்க முடியாத மூலையைச் சுற்றிப்போய்ப் பார்க்க முடிகிறது, அறுக்க முடிகிறது. இந்தக் கருவியின் உண்மையான லாபம் இதுதான்.

ஒன்று மட்டும் பெரும்பாலான மெஷின்களில் கிடையாது. தொட்டால் தெரியும் உணர்வு. கட்டி கெட்டியாக இருக்கிறதா, அடியில் நாடி துடிக்கிறதா என்று விரல் சொல்லும் செய்தி அந்தப் பெட்டிக்கு வராது. கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டும். நோயாளியின் தலைமாட்டில் இன்னொரு டாக்டர் உட்கார்ந்து புகையையும் ரத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருப்பார். ரோபோ கை பல்லில் இடிக்கிறதா, உதட்டை நசுக்குகிறதா என்று பார்ப்பதும் அவர்தான். அவர் கை தேர்ந்ததாக இல்லாவிட்டால் பெட்டிக்குள் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயன் இல்லை.

எடுத்த இடத்தைப் பெரும்பாலும் தைக்க மாட்டார்கள். பச்சைப் புண்ணாக விட்டுவிடுவார்கள், தானாக மூடும். சிறுவயதில் டான்சில் எடுத்தவர்களுக்குத் தெரியும் அந்த வலி. இது அதைவிடப் பெரிய புண்.

இன்னொன்றையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'தழும்பே இல்லாத அறுவை' என்று கேள்விப்பட்டுப் போகிறவர்கள், கழுத்தில் நீளத் தையலைப் பார்த்துத் திகைக்கிறார்கள். கட்டியை வாய் வழியாக எடுக்கலாம். ஆனால் இந்த நோய் கழுத்து நெறிகளுக்குப் பரவும் குணம் உடையது, அந்த நெறிகளை எடுக்கக் கழுத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். ரோபோவின் வேலை தொண்டைக்குள். கழுத்து வேலை பெரும்பாலும் பழைய முறைதான்.

மூன்று விரல்

மாமாவுக்கு ரோபோ அறுவை நடக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் பலருக்கு இதே கதைதான்.

அறுவை மருத்துவர் எல்லா ஸ்கேனையும் ஓரமாக வைத்துவிட்டு, "உங்க மூணு விரலைச் சேர்த்து, நிமிர்த்தி வாய்க்குள்ள வைங்க ஐயா" என்றார். மாமா ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப் பார்த்தார். இரண்டு நுழைந்தன. மூன்றாவது பல்லில் முட்டி நின்றது. டாக்டர் கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாக்கு எத்தனை வருஷமா?" என்று கேட்டார். மாமா அத்தையைப் பார்த்தார். "இருபத்தஞ்சு இருக்கும்" என்று அத்தைதான் சொன்னார்.

பாக்கு தொடர்ந்து மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறச் சதை நார் நாராக இறுகிப்போகும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது குறையும். பல வருஷம் மெதுவாக நடப்பதால் அவர்களுக்கே தெரியாது. இட்லியைப் பிட்டுச் சாப்பிடுவதற்கு அந்தத் திறப்பு போதும். ஒரு கேமராவும் இரண்டு கைகளும் நுழைவதற்குப் போதாது.

இதேபோல் வேறு தடைகளும் உண்டு. கட்டி பெரிதாக இருந்தால், தாடை எலும்பையோ தாடை அசைக்கும் தசைகளையோ பிடித்திருந்தால், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் வழக்கமான இடத்தில் இல்லாமல் டான்சிலுக்குப் பின்னால் வளைந்து வந்திருந்தால், ரோபோ வேண்டாம் என்பார்கள். ஒற்றைக் குழாய்க்குள் கேமராவும் கருவிகளும் சேர்ந்து போகிற புது வகை டாவின்சிக்கு 2019இல் தொண்டை அறுவைக்கான அனுமதி அமெரிக்காவில் கிடைத்தது. இடநெருக்கடி அதில் கொஞ்சம் குறைவு. ஆனாலும் திறக்காத வாயை அதுவும் திறக்க வைக்காது.

பிழைப்பது யார் கையில்?

இனி எண்களுக்கு வருகிறேன். முதலில் ரோபோவே சம்பந்தப்படாத ஓர் ஆய்வு. நடுத்தொண்டைப் புற்றுநோயில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று புகையிலை, மதுவால் வருவது. மற்றது ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தரும் அதே வைரஸ். 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில் எல்லோருக்கும் ரேடியேஷனும் கீமோவும் கொடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து ஹெச்.பி.வி. வகைக்காரர்களில் 82.4 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மற்ற வகையில் 57.1 சதவீதம். ஒரே மாதிரிச் சிகிச்சை, இவ்வளவு வித்தியாசம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ரோபோ அறுவைக்குப் பிரமாதமான பலன் என்று மேல்நாட்டுக் கட்டுரைகளில் வரும் எண்கள் பெரும்பாலும் ஹெச்.பி.வி. வகை நோயாளிகளுடையவை. அமெரிக்காவில் இன்று நடுத்தொண்டைப் புற்றுநோயில் பெரும்பகுதி அந்த வகைதான். நம் நாட்டில் புகையிலையின் பங்கு இன்னும் பெரியது. அவர்களுடைய சதவீதத்தை அப்படியே எடுத்து நம் வீட்டு நோயாளிக்கு மாட்டிவிடக் கூடாது. பயாப்ஸி ரிப்போர்ட்டில், ஹெச்.பி.வி. வகையா என்று காட்டும் 'பி16' என்று ஒரு சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஆரம்ப நிலைக் கட்டிக்கு அறுவை செய்துகொண்ட 9,745 பேரில் ஒரு பகுதியினருக்கு ரோபோ. ஐந்து வருஷத்தில் ரோபோ தரப்பில் 84.5 சதவீதமும் மற்ற அறுவைத் தரப்பில் 80.3 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். வெட்டிய ஓரத்தில் கேன்சர் செல் மிச்சம் இருந்தது ரோபோ தரப்பில் 12.5 சதவீதம், மற்றதில் 20.3. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே யாருக்கு எந்த அறுவை என்று யாரும் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. ரோபோ இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள், யாரை டாக்டர் தேர்ந்தெடுக்கிறார் என்பதெல்லாம் இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது.

சீட்டுக் குலுக்குவது அவ்வளவு முக்கியமா என்று தோன்றலாம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. சின்னத் துளை போட்டுச் செய்யும் அறுவை, ரோபோ உட்பட, திறந்து செய்வதற்குச் சமம் என்றே பல வருஷம் நம்பினார்கள். 2018இல் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்டபோது, நாலரை வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை அறுவையில் 86 சதவீதம். அது வேறு உறுப்பு, வேறு நோய். தொண்டைக்கு அது பொருந்தாது. ஆனால் புதுக் கருவி வந்தால் எண்ணிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

கனடாவில் 68 பேர்

தொண்டைக்கு அப்படி ஒரு நேரடி ஒப்பீடு செய்தவர்கள் கனடாக்காரர்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற ஊர், அங்கே அந்தோணி நிக்கல்ஸ் தலைமையில் நடந்த 'ஓரேட்டர்' ஆய்வு. ஆரம்ப நிலை நடுத்தொண்டைப் புற்றுநோய் உள்ள 68 பேரைச் சரிபாதியாகப் பிரித்து, 34 பேருக்கு ரேடியேஷன், தேவைப்பட்டவர்களுக்குக் கீமோவும் சேர்த்து. மற்ற 34 பேருக்கு ரோபோ அறுவையும் கழுத்து நெறி எடுப்பதும். முடிவு 2019இல் வெளியானது.

அவர்கள் அளந்தது உயிர் பிழைப்பதை மட்டும் அல்ல. ஒரு வருஷம் கழித்து எப்படி விழுங்குகிறார்கள் என்பதுதான் முக்கியக் கேள்வி. இதற்கென்று 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. வெளியே போய்ச் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறதா, விழுங்கும்போது இருமல் வருகிறதா, சாப்பிட்டு முடிக்க அதிக நேரம் ஆகிறதா என்பது போன்ற கேள்விகள். 100 என்றால் எந்தச் சிரமமும் இல்லை. ரோபோ தரப்பு 10 புள்ளி முன்னால் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஆய்வையே ஆரம்பித்தார்கள்.

வந்தது நேர்மாறு. ரேடியேஷன் தரப்புக்கு 86.9, ரோபோ தரப்புக்கு 80.1.

இந்த வித்தியாசத்தையும் ஊதிப் பெரிதாக்கக் கூடாது. நோயாளி தன் தட்டுக்கு முன்னால் உட்காரும்போது உணரக்கூடிய வித்தியாசம் என்றால் 10 புள்ளியாவது வேண்டும் என்பது அவர்களே வைத்த அளவுகோல். இது அதற்கும் குறைவு. பிறகு சில வருஷம் தொடர்ந்து பார்த்ததில் இடைவெளி இன்னும் சுருங்கியது, உயிர் பிழைப்பதிலும் இரண்டு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டிலும் தொல்லை உண்டு, தொல்லையின் முகம்தான் வேறு. ரேடியேஷன், கீமோ தரப்பில் காது கேட்பது குறைவது, காதில் இரைச்சல், வெள்ளை அணுக்கள் குறைவது. ரோபோ தரப்பில் வாய் திறக்க முடியாமல் இறுகுவது. அத்துடன் ரோபோ தரப்பில் ஒருவர் அறுவைக்குப் பின் ரத்தப்போக்கால் இறந்துபோனார்.

ரோபோ தரப்பின் எண் ஏன் இறங்கியது? என் வாசிப்பில் இந்தக் கட்டுரையின் மையமே இந்த இடம்தான். அந்த 34 பேரில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்குத்தான் அறுவையோடு வேலை முடிந்தது. மற்றவர்களுக்கு அறுவைக்குப் பிறகு ரேடியேஷனும் வேண்டியிருந்தது, சிலருக்குக் கீமோவும். கழுத்தில் பல நெறிகளில் நோய் இருந்தாலோ, நெறியின் தோலைத் தாண்டி வெளியே கசிந்திருந்தாலோ, வெட்டிய ஓரம் சுத்தமாக இல்லாவிட்டாலோ இது தவிர்க்க முடியாதது. அப்போது நோயாளி ரேடியேஷனிலிருந்து தப்பிக்க ரோபோவைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் இரண்டையும், சிலசமயம் கீமோவோடு மூன்றையும் வாங்கிக்கொள்கிறார்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ரோபோ நல்லதா?" அல்ல. "என் ஸ்கேனைப் பார்த்தால், ரோபோவோடு முடிய வாய்ப்பு எவ்வளவு?" என்பதுதான்.

குறைத்துக் கொடுக்கலாமா?

அமெரிக்காவில் ராபர்ட் ஃபெரிஸ் தலைமையில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு வேறு கோணத்தில் பார்த்தது. அறுவை முடிந்தால் கட்டியும் நெறியும் கையில் இருக்கின்றன, மைக்ராஸ்கோப்பில் வைத்து நோயின் உண்மையான நிலையை அறியலாம். அதைப் பார்த்து ரேடியேஷன் அளவைக் குறைத்தால் என்ன? ஹெச்.பி.வி. வகை நோயாளிகள் மட்டும். 2022இல் வந்த முடிவில் 359 பேரின் கணக்கு இருக்கிறது. அறுவை மட்டும் போதும் என்று விட்டவர்கள் 38 பேர். இரண்டு வருஷத்தில் அவர்களில் 96.9 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவோ முற்றவோ இல்லை. நடுத்தர ஆபத்து உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு 50 கிரே, மீதிப்பேருக்கு 60 கிரே ரேடியேஷன் கொடுத்தார்கள் (கிரே என்பது ரேடியேஷனை அளக்கும் அலகு). 94.9 சதவீதமும் 96 சதவீதமும் வந்தன. ஆபத்து அதிகமானவர்களுக்கு 66 கிரேயும் கீமோவும், 90.7 சதவீதம். அறுவை இல்லாமல் ரேடியேஷன் மட்டும் என்றால் வழக்கமான அளவு 70 கிரே. அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்றாக 35 தடவை, ஏழு வாரம்.

70இலிருந்து 50க்கு இறங்குவது சின்ன விஷயம் அல்ல. எச்சில் சுரப்பி, தாடை எலும்பு, விழுங்கும் தசை எல்லாவற்றுக்கும் அந்த 20 கிரே ஒரு சுமை. ரோபோவின் மேல் எனக்கு நம்பிக்கை வருவது இந்த இடத்தில்தான். ஆனால் 359 பேரில் 38 பேர்தான் அறுவையோடு முடிந்தவர்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. இந்த ஆய்வில் கத்தி எடுக்க வேண்டுமென்றால் அறுவை மருத்துவர் முன்கூட்டியே தன் அனுபவத்தைக் காட்டித் தகுதி பெற வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். எண்கள் நன்றாக இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

கனடாக்காரர்கள் இதேபோல் குறைந்த அளவுச் சிகிச்சைகளை ஒப்பிட இரண்டாவது ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். 61 பேர் சேர்ந்த நிலையில் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அறுவைத் தரப்பில் சிகிச்சையின் விளைவாகவே இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவருக்கு ரத்தப்போக்கு, இன்னொருவருக்குக் கழுத்து எலும்பில் சீழ்த்தொற்று. அமெரிக்க ஆய்விலும் ரத்தப்போக்கால் ஒரு மரணம் உண்டு, ஆனால் அங்கே அறுவை செய்துகொண்டவர்கள் பல நூறு பேர். சின்னக் கூட்டத்தில் நடந்ததை வைத்துச் சதவீதம் போடுவது சரியல்ல. இருந்தாலும் ரத்தப்போக்கைப் பற்றி வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

புண்ணின் மேல் படியும் பொருக்கு ஓரிரு வாரத்தில் உதிரும். அப்போது அடியில் இருக்கும் ரத்தக்குழாய் திறந்துகொள்ளலாம். நோயாளி அந்த நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டார், வீட்டில் இருப்பார். முதலில் எச்சிலில் ஒரு சிவப்புக் கீற்றாகத்தான் வரும், நின்றும் போகும். பெரிய ரத்தப்போக்குக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம். "விடிஞ்சதும் போய்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிட வேண்டும். இந்த ஆபத்தைக் குறைக்கவே, கழுத்தைத் திறக்கும்போது தொண்டைக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளைக் குழாய்களை முன்கூட்டியே கட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் வந்திருக்கிறது. "அதைச் செய்வீர்களா?" என்று கேட்கலாம், தப்பில்லை.

ரோபோ நிச்சயமாகக் கைகொடுக்கும் இன்னோர் இடமும் உண்டு. சிலருக்குக் கழுத்து நெறியில் கேன்சர் தெரியும், எங்கிருந்து வந்தது என்று எந்த ஸ்கேனிலும் தெரியாது. நாக்கின் அடிப்பாகத்தில் இருக்கும் டான்சில் போன்ற திசுவை ரோபோவால் மெல்லிசாகச் சீவி எடுத்துப் பார்த்தால், சில மில்லிமீட்டர் அளவில் ஒளிந்திருக்கும் கட்டி பலருக்கு அகப்பட்டுவிடுகிறது. இடம் தெரிந்தால் தொண்டை முழுவதற்கும் ரேடியேஷன் கொடுக்காமல் அந்த இடத்துக்கு மட்டும் கொடுக்கலாம்.

மாமாவின் ஏழு வாரம்

மாமா ரேடியேஷனும் கீமோவும் எடுத்துக்கொண்டார். அதைச் சுலபம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மூன்றாவது வாரத்தில் வாய் வெந்துபோனது. ருசி மொத்தமாகப் போனது, தண்ணீர்கூட உலோகமாக இருக்கிறது என்றார். ஐந்தாவது வாரத்தில் மூக்கு வழியாக டியூப் போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். ரோபோ அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இந்த டியூப் கொஞ்ச நாள் தேவைப்படலாம், சிலருக்கு மூச்சுக்காகக் கழுத்தில் தற்காலிகத் துளையும் போட வேண்டிவரலாம். எந்த வழியில் போனாலும் இந்தக் கட்டம் உண்டு.

ஒரு விஷயத்தில் எங்களுக்கு நல்ல வழிகாட்டல் கிடைத்தது. சிகிச்சை தொடங்கும் முன்பே பேச்சு, விழுங்கல் பயிற்சி தருகிறவரிடம் அனுப்பிவிட்டார்கள். டியூப் இருந்த நாட்களிலும் அவர் மாமாவைச் சும்மா விடவில்லை. நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பிடிப்பது, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு ஸ்பூன் தண்ணீரை விழுங்கி உடனே இருமுவது, வாயை விரலால் மெல்ல அகட்டுவது என்று தினம் மூன்று வேளை. விழுங்கும் தசை வேலை இல்லாமல் கிடந்தால் இறுகிப்போகும், பிறகு நோய் போயும் சாப்பாடு இறங்காது என்று சொன்னார். அறுவைக்குப் போகிறவர்களுக்கும் இதே பயிற்சிதான். செலவு அதிகம் இல்லாத இதைப் பல வீடுகளில் யாருமே சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த பெட் ஸ்கேனில் நோய் தெரியவில்லை. எச்சில் பாதிதான் ஊறுகிறது. எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில் கூடவே போகிறது. ரசம் சாதத்தை நன்றாகக் குழைத்துப் பிசைந்து அத்தை வைக்கிறார், அரை மணி நேரம் எடுத்துச் சாப்பிட்டு முடிக்கிறார். போன வாரம் போனபோது, கண்ணாடி முன்னால் நின்று விரலை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. மூன்றாவதின் நகம் மட்டும் நுழைகிறது.